பிளாட்ஃபார்ம் பூட்ஸ்: உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவதில் தொடங்கும் தவறுகள்

முன்பாதத்தின் கீழும் தடித்த சோல் கொண்ட பிளாட்ஃபார்ம் ஷூ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் மொத்த உயரத்தை. உண்மையில் பார்க்க வேண்டியது, பாதம் எவ்வளவு சரிவில் நிற்கப்போகிறது என்பதை. குதிகால் உயரத்திலிருந்து முன்பாதத்தின் கீழுள்ள சோலின் தடிமனைக் கழித்தால் அந்தச் சரிவு தெரிந்துவிடும். 15 செ.மீ. குதிகாலும் 10 செ.மீ. முன்சோலும் கொண்ட பூட்ஸில் பாதம் உணரும் சரிவு 5 செ.மீ. மட்டுமே. 12 செ.மீ. குதிகாலும் 2 செ.மீ. முன்சோலும் கொண்ட ஷூ பார்வைக்குத் தாழ்வாகத் தெரிந்தாலும், 10 செ.மீ. சரிவில் உடல் எடையின் பெரும்பகுதியை முன்பாதத்தின் மேல் தள்ளிவிடும்.

சரிவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது அடுத்த தவறு. தரையிலிருந்து பாதம் உயர உயர, சிறிய பக்கவாட்டுச் சாய்வுகூடக் கணுக்காலைப் பலமாக மடக்கும். தடித்த சோல் வழியாகத் தரையின் மேடுபள்ளமும் காலுக்கு எட்டாது. 1993இல் பாரிஸில் நடந்த ஃபேஷன் காட்சியில், பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் வடிவமைத்த, 20 செ.மீ.க்கும் அதிகமான குதிகால் கொண்ட ஷூவில் நடந்த பிரபல மாடல் நவோமி கேம்பெல் மேடையிலேயே விழுந்தார். அனுபவம் மிக்க மாடலுக்கே அது நேர்ந்தது என்பதை, புது பூட்ஸை முதன்முதலாக ஒரு நெரிசலான இசை நிகழ்ச்சிக்கு அணிந்து செல்ல நினைப்பவர்கள் மறக்கக் கூடாது. வீட்டிலேயே சில நாட்கள் நடந்து பழகுங்கள்.

நடையையும் மாற்றத்தான் வேண்டும். சாதாரணச் செருப்பு விரல்களின் அடியில் மடங்கும், தடித்த சோல் மடங்காது. ஆகவே பாதத்தை உருட்டாமல், முழங்காலைச் சற்று உயர்த்திச் சிறு அடிகளாக வைக்க வேண்டும். வாங்கும்போது ஷூவைச் சமதளத்தில் வைத்து நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் ஷூ முன்னால் எளிதாகச் சாயும். தட்டையாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் நுனி தரையில் இடறும். வாகனம் ஓட்டும்போது இவற்றை அணியவே வேண்டாம், பெடலின் அழுத்தம் காலுக்குத் தெரியாது.

கோத் எனப்படும் கறுப்பு உடைப் பாணியின் பூட்ஸ் பலவற்றில் வரிசையாக இருக்கும் பக்கிள்கள் அலங்காரத்துக்கு மட்டுமே. காலைப் பிடிப்பது ஜிப்பும் லேஸும்தான். பக்கிளை நம்பி லேஸைத் தளர்வாக விட்டால் குதிகால் உள்ளே எழும்பும், கணுக்காலுக்கு ஆதரவே இருக்காது.

எடையைப் பலர் கவனிப்பதில்லை. இத்தாலிய ஷூ வடிவமைப்பாளர் சால்வடோர் ஃபெராகாமோ 1938இல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்த வானவில் நிறச் செருப்பில் அடுக்கடுக்காக இருந்தது கார்க், அது மிக இலேசானது. திடமான ரப்பரில் அதே தடிமன் இருந்தால் மாலைக்குள் தொடை வலிக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த தவறு, பத்திரப்படுத்தி வைத்ததுதான். ஆசையாக வாங்கிய ஒரு ஜோடியைப் பெட்டியில் மூடி வைத்து, சில ஆண்டுகள் கழித்து எடுத்தபோது சோல் காய்ந்த மண்கட்டிபோல உதிர்ந்து கையில் ஒட்டியது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சோல் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, அணியாமல் வைத்திருந்தாலும் சிதையும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நெடுநாள் கழித்து எடுக்கும் ஜோடியின் சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் அதை அணிந்து வெளியே போகாதீர்கள்.