பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புக்கு உரிமம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் எண்ணைப் பாருங்கள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் மாமாவுக்குச் சின்ன மசாலா மில் ஒன்று உண்டு. மழை பிடித்துக்கொண்டால் மிளகாய் காயாது. பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய உலர்த்தும் கருவிக்கு உரிமம், அதாவது அதைப் பயன்படுத்தும் அனுமதி, கேட்டு அலைந்தபோது கற்றதை எழுதுகிறேன்.

1. பினாங்கு கெலுகோரில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாதிரியான இடங்களில் ஆராய்ச்சியை வணிகமாக்குவதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. பேராசிரியரிடம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் காப்புரிமை (பேட்டன்ட்) பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கும். அதனால் ஒப்பந்தம் அந்தப் பிரிவோடுதான். கோலாலம்பூரில் நடக்கும் ஐடெக்ஸ் என்ற கண்டுபிடிப்புக் கண்காட்சியிலும் நிறைய பார்க்கலாம். அங்கே வாங்கிய பதக்கத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

2. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கருவியின் கையேட்டில் 'காப்புரிமை பெற்றது' என்று போட்டு, கீழே 'பிஐ' என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அது விண்ணப்ப எண். காப்புரிமை கிடைத்தபின் வரும் எண் 'எம்ஒய்' என்று தொடங்கி 'ஏ' என்று முடியும். இது தெரியாமல் இரண்டு மாதம் ராயல்டி (விற்பனைக்கு ஏற்ப உரிமையாளருக்குக் கட்டும் தொகை) பேசினோம். அப்புறம் மைஐபிஓ என்ற மலேசிய அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் தளத்தில் தேடினால், விண்ணப்பம் இன்னும் பரிசீலனையிலேயே இருந்தது.

விண்ணப்ப நிலையிலும் உரிமம் எடுக்கலாம். ஆனால் காப்புரிமை கிடைக்காமல் போனால் ராயல்டி என்னாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் 20 ஆண்டுக் கணக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான். 2012இல் விண்ணப்பித்தது 2032இல் முடிந்துவிடும். மலேசியக் காப்புரிமை மலேசியாவுக்குள் மட்டும்தான் செல்லும். சிங்கப்பூருக்கு விற்கப் போகிறவர்கள் அங்கே தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேடுவதற்கு எனக்குப் பிடித்தது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாசெநெட். நிலவரத்துக்கு மட்டும் மைஐபிஓவையே நம்புங்கள். ஆவணத்தில் தலைப்பையும் சுருக்கத்தையும் தாண்டி உரிமைக்கோரல்கள் பகுதிக்குப் போங்கள். சட்டம் காப்பது அங்கே எழுதியிருப்பதைத்தான்.

3. 'டிஆர்எல் எத்தனை?' என்று கேளுங்கள். ஒரு தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு எவ்வளவு தயார் என்பதைக் காட்டும், 1 முதல் 9 வரை போகும் அளவுகோல் இது. 4 என்றால் ஆய்வகத்தில் சரியாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். மில்லுக்கு ஏற்றபடி வளர்க்கும் செலவு உங்கள் தலையில் விழும். பல்கலைக்கழகத்தார் காட்டிய தட்டில் 2 கிலோ மிளகாய்தான் இருந்தது. எங்களுக்கு ஒரு நாளைக்கு 80 கிலோ வேண்டும். நாங்களே ஒரு மூட்டை கொண்டுபோய் ஓட்டச் சொன்னோம். மேலே நன்றாகக் காய்ந்திருந்தது. காம்போரம் கிள்ளினால் ஈரம். மாமா ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கினார். விதை சலசலக்கவில்லை. "இன்னும் ரெண்டு மணி நேரம் போகணும் தம்பி" என்றார். அந்த இரண்டு மணி நேர மின்செலவைச் சேர்த்த பிறகுதான் உண்மையான விலையே எங்களுக்குத் தெரிந்தது.

4. நேராக உரிமத்துக்குப் போகாமல், ஆறு மாதம் சோதித்துப் பார்க்க முதலில் ஒரு சிறு ஒப்பந்தம் கேளுங்கள். வேறு யாருக்கும் தராத தனியுரிமம் வேண்டுமென்றால் உங்கள் தொழிலுக்கு மட்டும் கேளுங்கள். எல்லாத் துறைக்கும் சேர்த்துக் கேட்டால் விலை ஏறிவிடும். நீங்கள் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியான காப்புரிமையைச் சும்மா எடுத்துக்கொள்ளலாமா என்று கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்படாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமையாளர் அதை மீட்டெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இயந்திரத்துக்குப் பணம் போடுவதற்கு முன் காப்புரிமை முகவர் ஒருவரிடம் எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.