மூக்குத்தியில் விழுந்த ஃபோகஸ்: ரேஞ்ச்ஃபைண்டரில் எஃப்/1.1 லென்ஸ் பழகுவது எப்படி?

பால்மரம் சீவிய காலத்துப் பழக்கம், பாட்டி இன்னமும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து வெகுநாளாகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் லயத்து வீட்டு வாசற்படியில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அவர் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.1 லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தேன் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும்). படத்தில் மூக்குத்தி ஜொலித்தது, இரண்டு கண்ணும் மசமசவென்று இருந்தன.

"உன் கேமராவுக்கு என்னைவிட என் மூக்குத்திதாண்டா பிடிச்சிருக்கு" என்றார்.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.1-இல் வைத்து 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.5 செ.மீ. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். அதே லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்றால் 23 செ.மீ. கிடைக்கும், முகம் முழுக்க அடங்கிவிடும். ஆகவே பழகும்போது முதல் இரண்டு வாரம் 2 மீட்டருக்குள் போகாதீர்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் வகை கேமராவில் இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், ஃபோகஸ் தப்பினால் கண்ணுக்குத் தெரியும். இங்கே பார்ப்பது தனி ஜன்னல் வழியாக. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாமே அதில் தெளிவாகத்தான் தெரியும். நடுவில் உள்ள சின்னக் கட்டத்தில் இரட்டை உருவம் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று நம்ப வேண்டியதுதான். லென்ஸின் பின்புறம் நகர்வதை கேமராவுக்குள் இருக்கும் சின்ன உருளை தொட்டு உணர்ந்து அந்தக் கட்டத்தை நகர்த்துகிறது. அந்தத் தொடர்பில் இம்மியளவு பிசகு இருந்தாலும் ஜன்னல் நமக்குப் பொய் சொல்லும், அதுவும் முகம் மாறாமல் சொல்லும். எஃப்/5.6-இல் அந்தப் பொய் வெளியே வராது. எஃப்/1.1-இல் வந்துவிடும்.

முதல் வேலை: கதவுச் சோதனை

லென்ஸ் வாங்கியதும் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன். இணையத்தில் ஒருவரிடம் "புதுசு மாதிரி" என்று வாங்கிய லென்ஸ், இரவு முழுக்க எடுத்த காவடிப் படங்களில் முகத்தை விட்டுவிட்டு முன்னால் தொங்கிய மயிலிறகையே பிடித்திருந்தது.

தையல்காரர் அளவு நாடா ஒன்று, ஒட்டும் டேப் கொஞ்சம், கறுப்பு மார்க்கர். அறைக் கதவை 45 டிகிரிக்குத் திறந்து அசையாமல் முட்டுக்கொடுங்கள். கதவின் மேல் நாடாவைக் கிடைமட்டமாக ஒட்டுங்கள். 30 செ.மீ. கோட்டின் மேல் மட்டும் மார்க்கரால் தடிமனாக ஒரு செங்குத்துக் கோடு. கேமராவை முக்காலியில், நாடாவின் உயரத்திலேயே, அந்தக் கோட்டிலிருந்து 1 மீட்டரில் வையுங்கள். அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை) முழுசாகத் திறந்திருக்க வேண்டும். கோட்டின் இரட்டை உருவத்தைச் சேர்த்து ஒரு படம். அப்புறம் ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டிக்கு (கடைசித் தூரத்துக்கு) கொண்டுபோய்த் திரும்ப வந்து இன்னொன்று. இப்படி ஐந்து.

கணினியில் பெரிதாக்கி, எந்த எண் கூர்மையாக இருக்கிறது என்று பாருங்கள். ஐந்திலும் எண் அங்கேயும் இங்கேயும் சிதறியிருந்தால் தப்பு உங்கள் கையில், பழகினால் போய்விடும். ஐந்தும் ஒரே பக்கம் விலகியிருந்தால் கருவியில். கதவு சாய்ந்திருப்பதால் நாடாவில் தெரியும் விலகலை 0.7-ஆல் பெருக்க வேண்டும்: 3 செ.மீ. விலகல் என்றால் உண்மையில் 2 செ.மீ. வேறொரு லென்ஸை மாட்டி அதே சோதனை செய்யுங்கள். அதுவும் அதே பக்கம் விலகினால் கேமராவைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸ்தான்.

எஃப்/2, எஃப்/2.8-இலும் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். சோனார் என்ற கண்ணாடி அமைப்பு கொண்ட லென்ஸ்களில் அப்பெர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் விழும் இடமே பின்னால் நகரும். ஸைஸின் 50 மி.மீ. எஃப்/1.5 சி சோனார் இதற்குப் பேர்போனது. அதைப் பழுது என்று நினைத்து விற்காதீர்கள். செவன் ஆர்டிசன்ஸின் 50 மி.மீ. எஃப்/1.1-உம் இந்த வகைதான், ஆனால் ஃபோகஸ் பிசகை நாமே வீட்டில் திருத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். லைக்கா நாக்டிலக்ஸ் பற்றிக் கேட்காதீர்கள். 1966-இல் எஃப்/1.2, 1976-இல் எஃப்/1, 2008-இல் எஃப்/0.95 என்று அது போய்க்கொண்டே இருக்கிறது, நம் பணப்பை அதன் பின்னால் ஓட முடியாது.

ஆளை எடுக்கும்போது

கட்டத்துக்குள் செங்குத்தான விளிம்பு ஒன்று வேண்டும். படுக்கைவாட்டுக் கோட்டை வைத்து ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்ய முடியாது. எதுவும் அகப்படாவிட்டால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். முகத்தில் எனக்குப் பிடித்த இடம் கருவிழியின் ஓரம், அல்லது கண்ணில் தெரியும் பல்பின் புள்ளி. கண்ணாடி போட்டவர் என்றால் வேலை சுலபம், ஃபிரேமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலளவு முன்னால் நகர்ந்தால் போதும்.

வளையத்தை எப்போதும் ஒரே திசையில், இன்ஃபினிட்டியிலிருந்து கிட்டத்துக்குத் திருப்புங்கள். கிட்டத்தட்ட சேர்ந்ததும் வளையத்தை விட்டுவிடுங்கள். மிச்சத்தை உடம்பால் செய்யுங்கள். மூச்சை விட்டு, இடுப்பிலிருந்து மெதுவாக முன்னால் சாய, இரட்டை உருவம் ஒன்றாகும் அந்தக் கணத்தில் ஷட்டர். அவர்களும் அசைவார்கள், நீங்களும் அசைவீர்கள். ஆகவே மூன்று படமாவது எடுங்கள். பாட்டியை இரண்டாம் தரம் எடுத்தபோது மூன்றாவது படத்தில்தான் கண் விழுந்தது. காட்டினேன். "மூக்குத்தி எங்கடா?" என்றார்.

கட்டம் நடுவில் மட்டும்தான் இருக்கிறது. கண்ணை ஓரத்தில் வைக்க ஃபோகஸ் செய்த பிறகு கேமராவைத் திருப்பியாக வேண்டும். 1 மீட்டரில் 7, 8 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் கண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய 0.9 செ.மீ. போய்விடும். 15 டிகிரி திருப்பினால் 3.4 செ.மீ., அப்போது கண் கூர்மையாக வராது. திருப்பிய கையோடு ஒரு இணுக்கு பின்னால் சாயுங்கள். என் லென்ஸ் முன்பக்கம் பிசகுவது, ஆகவே ஓரத்தில் வைத்த முகங்கள் அதில் தானாகவே சரியாக விழுகின்றன. தற்செயல்தான், ஆனாலும் அதனாலேயே அதைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

பெரிய லென்ஸ் ஜன்னலின் வலப்பக்கக் கீழ் மூலையை மறைக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று கேமராவை இறக்கிவிட்டு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடையில் எடுத்த நல்ல படம் ஒன்றில் அந்த மூலையில் குப்பைத் தொட்டி உட்கார்ந்திருந்தது.

வெளிச்சம்

இரவில் வீட்டுக்குள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, எஃப்/1.1, 1/100 விநாடியில் தொடங்குங்கள். கடை ட்யூப்லைட்டுக்குக் கீழே இன்னும் வேகமாகப் போகலாம். நம் ஊர் மத்தியான வெயிலில்தான் தலைவலி. ஐஎஸ்ஓ 100-இலேயே எஃப்/1.1-க்கு 1/20,000 விநாடி வேகம் தேவைப்படும். பழைய ஃபிலிம் கேமராக்கள் 1/1000-உடன் நின்றுவிடும். வெளிச்சத்தை ஆறு ஸ்டாப், அதாவது 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் போட்டால் 1/320-க்கு இறங்கும். இல்லையென்றால் எஃப்/8-இல் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். நம் ஈரக்காற்றுக்கு உள்ளே பூஞ்சை பிடிக்க வேறு அழைப்பே வேண்டாம். டிரை கேபினட் (ஈரம் போக்கும் அலமாரி) வாங்கப் பணம் சேரும்வரை இறுக்கமாக மூடும் பிஸ்கட் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் இரண்டு கைப்பிடி. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. அதற்கென்று பழைய வாணலி ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.