மின்சார காருக்கு வீட்டில் சார்ஜிங் பாயிண்ட்: வயர் முதல் எர்த் வரை

காரோடு தரும் கையடக்க சார்ஜரை வீட்டிலுள்ள எந்த 15 ஆம்ப்ஸ் பாயிண்ட்டில் செருகினாலும் பெரும்பாலும் சார்ஜ் ஏறும். ஏறுகிறதே என்று அப்படியே விட்டுவிடுவதில்தான் ஆபத்து. 2 கிலோவாட் கெய்சர் 9 ஆம்ப்ஸுக்குச் சற்றுக் குறைவாக இழுத்துக் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். 3.3 கிலோவாட் கார் சார்ஜரோ 14 ஆம்ப்ஸுக்கு மேல், இரவெல்லாம் இடைவிடாமல் இழுக்கும். 24 யூனிட் கொள்ளளவுள்ள சிறிய பேட்டரியே நிறைய எட்டு மணி நேரத்துக்குக் குறையாது.

சாக்கெட்டின் பிடி தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 14 ஆம்ப்ஸ் ஓடும்போது அங்கே சுமார் 20 வாட் வெப்பம் பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவர்ப் பெட்டிக்குள் வைத்து எட்டு மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம் அது. மின்னோட்டம் அளவோடுதான் இருக்கிறது என்பதால், அளவு மீறினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்சான எம்சிபி விழாது. பிளாஸ்டிக் பழுப்பாகி, கருகி, நாற்றம் வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

அதனால் காருக்கென்று மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். என்ன போடுகிறார் என்பதை மட்டும் நீங்கள் கேட்டுப் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 4 சதுர மி.மீ. செம்பு வயர். அடுக்குமாடியில் மீட்டர் அறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் 30, 40 மீட்டர் தூரம் இருந்தால் 6 சதுர மி.மீ. போடுவது நல்லது. இடையில் ஜாயிண்ட் கூடாது. லைனின் தொடக்கத்தில் 20 ஆம்ப்ஸ் சி-கர்வ் (தொடக்கத்தில் வரும் கண நேர எழுச்சிக்கு விழாத வகை) எம்சிபி, அதோடு, மின்சாரம் வெளியே கசிந்தால் உடனே லைனை அணைக்கும் 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி. எம்சிபி வயரைக் காக்கும், ஆர்சிசிபி ஆளைக் காக்கும். ஒன்று இருக்கிறதென்று மற்றதை விடக்கூடாது.

ஆர்சிசிபியில் ‘ஏசி’ வகை, ‘ஏ’ வகை என்று உண்டு. கடையில் கேட்காமல் வாங்கினால் விலை குறைந்த ‘ஏசி’ வகையைக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். கார் சார்ஜரின் கசிவு மின்சாரத்தில் நேர்மின்சாரமும் கலந்திருக்கலாம். அது ‘ஏசி’ வகையின் உணர்திறனை மழுங்கடித்துவிடும். ‘ஏ’ வகையின் முகப்பில் முழு அலைக் குறியோடு, அதன் கீழே அரை அலைக் குறியும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். பொருத்திய பிறகு மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

சார்ஜ் தொடங்கியதுமே ஆர்சிசிபி விழுகிறதா? முதலில் நியூட்ரலைப் பாருங்கள். பழைய வீடுகளில் பக்கத்து சர்க்யூட்டின் நியூட்ரலையே இதற்கும் இரவல் வாங்கியிருப்பார்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே ஆர்சிசிபி வழியாகப் போய்வந்தால்தான் கணக்கு நேராகும்.

சாக்கெட் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 16 ஆம்ப்ஸ் வகையாக இருக்கட்டும். இரண்டு அளவு பின்களையும் ஏற்கும் 6/16 காம்பி சாக்கெட் வேண்டாம். ஓட்டை பெரிதென்பதால் பிடி நாளாவட்டத்தில் தளரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் டிராவல் அடாப்டரும் எந்த அவசரத்துக்கும் ஆகாது. சார்ஜர் பெட்டியைத் தனி கொக்கியில் மாட்டுங்கள். அதன் எடை பிளக்கில் தொங்கினால் பின் சாய்ந்து, ஒரு பக்கம் மட்டுமே தொட்டு நிற்கும். திறந்தவெளி என்றால், தூசியும் தெறிக்கும் தண்ணீரும் தாக்காத ஐபி 55 தர மூடி தேவை. 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த சென்னைத் தெருக்களில், தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேலேதான் பாயிண்ட்.

இனி எர்த். சார்ஜரில், எர்த் சரியில்லை என்று காட்டும் எர்த் ஃபால்ட் விளக்கு சிவப்பாக எரிந்தால், சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு அணையும், சார்ஜும் ஏறும். பிறகு ஒருநாள் மீட்டர் பக்கம் நியூட்ரல் கழன்றால், அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் இரும்பு உடல் முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவர் குழந்தையாகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே அப்படி இருந்தால், பிரித்து எடுக்கும்வரை காரை அங்கே செருக வேண்டாம்.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுவதை மட்டும் வைத்து எர்த் நன்றாக இருப்பதாக முடிவு செய்ய முடியாது. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கும். துருப்பிடித்த, பாதி அறுந்த எர்த்கூட அதற்குப் போதும். எர்த் டெஸ்டர் கொண்டுவந்து, கம்பி நட்டு அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் புதிய எர்த் குழிதான் வழி. கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறும் என்பதால் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சார்ஜ் ஏறும்போது ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நியூட்ரல் இணைப்புகளையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த லைன் வீட்டு இன்வெர்ட்டரோடு சேரவே கூடாது. 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்ப்ஸ் போகும்; பிளக் இல்லாமல் நேரடி இணைப்பு, குறைந்தது 6 சதுர மி.மீ. வயர், 40 ஆம்ப்ஸ் எம்சிபி, அதற்குமுன் மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தும் விண்ணப்பம்.

எல்லாம் முடிந்ததும் சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து, பிளக்கின் பின்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சார்ஜை நிறுத்தி, மெயினை அணைத்து, சாக்கெட் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். புது வயரிங்கில் ஒரு மாதம் கழித்தும் இதே திருகுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பின்னில் கருமை படர்ந்திருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய பின், புது சாக்கெட்டையும் சீக்கிரம் கெடுத்துவிடும். வேலை நடக்கும்வரை வேறிடத்தில் சார்ஜ் ஏற்ற நேர்ந்தால், காரின் திரையிலோ சார்ஜரிலோ மின்னோட்டத்தை 10 ஆம்ப்ஸுக்குக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள். நேரம் கூடும், ஆனால் இணைப்புகளில் பிறக்கும் வெப்பம் பாதியாகும்.