குடியை விட நினைப்பவருக்குக் கூட்டம் தேடுவது

நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்காகத் தேடிய விபரம் இது.

முதலில் 1926-க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். 1927 அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையுடையது. "மட்டக்களப்புப் பக்கம் குடியை விடுகிறவர்கள் எங்கே கூடுகிறார்கள், தமிழில் நடக்குமா, என்ன கிழமை?" என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்தால் சுற்றி வளைத்த பதில்தான் வரும்.

அடுத்தது போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. ஆளை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, நீங்கள் மட்டும் போய் விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேளுங்கள். ஆனால் தனியாகப் பேசவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பது பக்கத்து வீட்டு மாமியாக இருக்கலாம்.

ஏ.ஏ. என்பது அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். திறந்த கூட்டம் என்றால் நீங்களும் கூடப் போய் உட்காரலாம்; மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவருக்கு மட்டும். வீட்டாருக்கென்று அல்-அனொன் என்ற கூட்டம் தனியாக இருக்கிறது. கிட்ட ஒன்றும் இல்லையா? சரி, சூமில் தேடுங்கள், கமராவை மூடி வைத்தும் கேட்கலாம்.

இன்னொன்று: தினமும் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். அப்போது வைத்தியர்தான் முதலில், கூட்டம் பிறகு.