பழைய கார் இன்ஜினுக்குக் கனெக்டிங் ராட் பேரிங் வார்த்துப் பொருத்தும் முறை

வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும் வரைதான் அது தாங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களில், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கும் அப்படித்தான். ராடின் பெரிய முனையில் வார்க்கப்பட்டிருக்கும் ஒயிட் மெட்டலில் பெரும்பங்கு 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம். அத்துடன் சிறிது ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்திருக்கும். இவ்வகைக் கலவையை ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கினார். பேரிங்குக்கும் அதனுள் சுழலும் கிராங்க் பின்னுக்கும் (கிராங்க் தண்டின் உருளைப் பகுதி) இடையே எண்ணெய்ப் படலம் இருக்கும் வரையில்தான் இந்த உலோகம் நிலைக்கும் என்பதால், வடிவமைப்பு அந்த இடைவெளியைக் கணக்கிடுவதிலிருந்தே தொடங்குகிறது. பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கக் கணக்கு, 38 மி.மீ. பின்னுக்கு ஏறத்தாழ 0.04 மி.மீ. வரும். இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் வேலை, பின்னை மைக்ரோமீட்டரால் இரு ஓரங்களிலும், ஒவ்வோர் ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளப்பது. வேறுபாடு 0.025 மி.மீட்டரைத் தாண்டினால் கிராங்கைக் கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிட வேண்டும். தொடக்கக் காலத்தில் நான் இதை அளக்காமல், தட்டும் சத்தத்தை நிறுத்துவதற்காக ராடுக்கும் அதன் பெரிய முனையை மூடும் கீழ்ப்பாதியான கேப்புக்கும் இடையே இருந்த மெல்லிய தகடான ஷிம்மை எடுத்துவிட்டுக் கேப்பை இறுக்கினேன். தேய்ந்த பக்கத்துக்குச் சரியாக இருந்த பேரிங், தேயாத பக்கம் சுற்றி வந்தபோது பின்னைக் கவ்விக்கொண்டது. தாம்பரம் தாண்டுவதற்குள் மெட்டல் உருகிவிட்டது. இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது எண்ணெயின் அடியில் வெள்ளிச் சரிகை போல அது படிந்திருந்தது.

அடுத்து, பழைய மெட்டலை உருக்கி எடுத்து, ராடை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தம் செய்து, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸைத் தடவி ஈயம் பூச வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போன்றதே இதுவும். பூச்சு ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் அங்கே மெட்டல் ஒட்டாமல் பின்னர் பெயர்ந்துவிடும்.

வார்ப்பதில்தான் ஆபத்து அதிகம். உருகிய மெட்டலில் ஒரு துளி ஈரம் விழுந்தாலும் அது வெடித்துச் சிதறும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கரண்டியிலும் அச்சிலும்கூட ஈரம் படிந்திருக்கும். எல்லாவற்றையும் சூடேற்றிய பிறகே, முகக்கவசமும் தோல் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இறங்குங்கள். ஒரு மரக்குச்சியைத் தோய்த்துப் பாருங்கள். அது தீப்பற்றாமல் கருகினால் பதம் சரி. ராடையும் சூடாக வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். முதன்முறை செய்பவர்கள் இந்தக் கட்டத்தை அனுபவமுள்ள பட்டறையிடம் ஒப்படைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆறியபின், கேப்பை அதன் எண் பார்த்துப் பூட்டி, இருபுறமும் சம அளவு ஷிம் வைத்து, கணக்கிட்ட அளவுக்கு லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். பின்னின் ஓர வளைவில் உரசாதபடி பேரிங்கின் விளிம்புகளையும் சற்றுச் சாய்த்துவிட வேண்டும்.

இனிப் பொருத்துதல். பின்னில் நீல மையை மெல்லத் தடவி, ராடைப் பூட்டிச் சுழற்றிக் கழற்றினால், மேடான இடங்களில் நீலம் ஒட்டியிருக்கும். அவற்றை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, பரப்பில் முக்கால் பங்காவது சீராக நீலம் படியும் வரை திரும்பத் திரும்பப் பாருங்கள். இதற்கு அரை நாள் ஆனாலும் அவசரப்படாதீர்கள். பின்பு மையைத் துடைத்துவிட்டு, நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்துக் கேப்பை முழுமையாக இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி இடைவெளியைச் சரிபாருங்கள். இறுதியாக, பிஸ்டன் மாட்டாத ராடை எண்ணெயிட்டுப் பூட்டி, கிடையாகப் பிடித்துக் கையை விடுங்கள். அது தன் எடையாலேயே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டால் மீண்டும் ஸ்கிரேப்பரை எடுக்க வேண்டியதுதான்.