சப்போரோ பனி விழா: ஒரே நாளில் மூன்று திடல்களையும் பார்ப்பது எப்படி?

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: சப்போரோ போகலாமா? தாராளமாகப் போகலாம். வடக்கு ஜப்பானின் அந்த நகரில் நடக்கும் பனி விழாவை ட்சுடோமே, ஓடோரி, சுசுகினோ என்ற மூன்று திடல்களில் பார்க்கலாம். ஆனால் ‘போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பும் கூட்டம், ஓடோரி பூங்காவில் நாலைந்து படம் எடுத்துவிட்டுக் குளிர் தாங்காமல் ஏதாவது கடைக்குள் புகுந்து, மிச்சப் பொழுதை அங்கேயே கழிக்கும். எந்தத் திடலுக்கு எந்த நேரம், காலில் என்ன என்ற இரண்டையும் முடிவு செய்துகொண்டால் ஒரே நாளில் நிறைவாகப் பார்த்துவிடலாம்.

விமான டிக்கெட் எடுப்பது எப்படி, விடுதி தேடுவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

படி 1: நாள் குறிப்பது

அண்மை ஆண்டுகளில் விழா பிப்ரவரி 4 முதல் 11 வரை நடக்கிறது. 11ஆம் தேதி தேசிய விடுமுறை. அன்றும் சனி, ஞாயிறுகளிலும் கூட்டம் தோளை இடிக்கும். ஒருநாள் விடுப்புப் போட்டு வாரநாளில் போவதே என் கட்சி. விடுதி அறையை இலையுதிர் காலத்திலேயே பிடித்துவிடுங்கள். திரும்பிய மறுநாள் காலையில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2022 பிப்ரவரியில் 24 மணி நேரத்தில் 60 செ.மீ. பனி கொட்டி ரயில்கள் நின்ற ஊர் அது.

படி 2: உடை

பகலில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இரவில் மைனஸ் 6, 7 வரை இறங்கும். கட்டடங்களுக்குள்ளோ சூடேற்றி வைத்திருப்பார்கள். தடித்த ஒரே கோட்டை நம்பிப் போனால் ரயிலுக்குள் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும். ஆகவே, கழற்றி மாட்டும்படி மூன்று அடுக்கு. உள்ளடுக்கு பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யுனிக்ளோ கடையின் ‘ஹீட்டெக்’ உள்ளாடை போதும் என்பது என் எண்ணம். குடை எடுக்காதீர்கள், தலைமூடி வைத்த கோட்டுதான் வசதி.

‘கைரோ’ என்னும் சூட்டுப் பைகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். உள்ளே இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் சூடாகும். காலணிக்கென்று தனி வகை உண்டு, அது குறைந்த காற்றிலும் வேலை செய்யும். சட்டைப்பைக்கு உரியதைக் காலணிக்குள் திணித்தால் சூடு சரியாக வராது. காலணி வகையை வெளியில் வைத்தால் அளவுக்கு மீறிச் சூடேறும். ஒட்டும் வகையைத் துணியின் மேல்தான் ஒட்ட வேண்டும், தோலில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

படி 3: கால்

பலருடைய நாள் கெடுவது இங்கேதான். பனி என்றதும் மிதித்தால் புதையும் வெள்ளைப் பஞ்சைக் கற்பனை செய்கிறோம். சப்போரோவின் நடைபாதைகளில் நீங்கள் மிதிக்கப்போவது பெரும்பாலும் பலர் நடந்து இறுகிய பனிக்கட்டி. அதிலும் மோசம் சாலையைக் கடக்கும் இடங்கள். கார்ச் சக்கரங்கள் நின்று கிளம்பி, நின்று கிளம்பி, பனியைக் கண்ணாடியாக இழைத்துவிடுகின்றன. டாக்சி நிறுத்தங்களும் அப்படித்தான். பகலில் உருகியது பொழுது சாய்ந்ததும் மீண்டும் உறையும். அதாவது, நீங்கள் களைத்துப்போய் நடக்கும் இரவு நேரத்தில்தான் வழுக்கல் அதிகம்.

நடை இப்படி இருக்கட்டும்: சிறு அடிகள், பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படவேண்டும், உடல் எடை சற்றே முன்னால். பாசி படிந்த குளத்துப் படியில் இறங்குகிறவர் எப்படி இறங்குவாரோ அப்படி. கைகள் கோட்டுப் பைக்குள் இருக்கக் கூடாது. குதிகாலை முதலில் ஊன்றும் நம் வழக்கமான நடைதான் ஆளை மல்லாக்கக் கவிழ்க்கிறது.

காலணியின் மேல் மாட்டும் முள் பட்டைகள் விமான நிலையத்திலும் கன்வீனியன்ஸ் கடைகளிலும் கிடைக்கின்றன. குதிகாலை மட்டும் சுற்றும் சின்னப் பட்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காலணி முழுவதையும் கவ்விப்பிடிக்கும் ரப்பர் வகையை வாங்குங்கள். முதல் தடவை அறையில் உட்கார்ந்து மாட்டிப் பாருங்கள். முனையை முதலில் கோத்து, பின்பக்கத்தை விரலால் இழுத்துக் குதிகாலுக்கு மேல் ஏற்ற வேண்டும். விறைத்த விரல்களோடு நடைபாதையில் ஒற்றைக் காலில் நின்று பழகும் வேலை அல்ல அது.

தெருமுனைகளில் பெரிய பெட்டிகளைப் பார்ப்பீர்கள். உள்ளே சிறு பைகளில் பொடிக்கல் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தரையில் தூவலாம். கூச்சப்படாதீர்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 4: வரிசை

காலை: ட்சுடோமே. தோஹோ சுரங்க ரயில் தடத்தில் கடைசி நிலையமான சகாஎமாச்சியில் இறங்கிப் பதினைந்து நிமிட நடை, பேருந்தும் விடுகிறார்கள். பனிச்சறுக்குகளில் குழாய் மிதவையில் அமர்ந்து வழுக்கி வரலாம். குழந்தைகளுக்கான இடம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எங்கள் குழுவில் மிகவும் மரியாதையான மனிதர்தான் மறுபடி மறுபடி வரிசையில் போய் நின்றார். மாலை 4 மணிக்கு மூடிவிடுவதால் இதைக் கடைசிக்கு வைத்தால் கோட்டைவிட்டுவிடுவீர்கள்.

மாலை: ஓடோரி. 1950இல் பள்ளி மாணவர்கள் ஆறு பனி உருவங்களைச் செய்து வைத்த இடம் இதுதான். 1955இல் தற்காப்புப் படையினரும் கைகோத்த பிறகுதான் உருவங்கள் பிரம்மாண்டமாகின. 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பிறகு உலகம் முழுவதும் தெரிந்தது. பூங்காவின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். எல்லாரும் தொலைக்காட்சிக் கோபுரம் பக்கம் தொடங்குவார்கள். நீங்கள் தோசாய் சுரங்க ரயில் தடத்தில் ஓடோரிக்கு ஒரு நிலையம் தள்ளி நிஷி 11-சோமேயில் இறங்குங்கள். பன்னாட்டுப் போட்டிச் சிற்பங்கள் அந்தப் பக்கம்தான். திடலுக்குள் ஒருவழிப் பாதை, காவலர் காட்டும் திசையில் போங்கள். சூரியன் ஐந்து மணியளவில் மறைந்துவிடும். நாலரைக்கு அங்கே இருந்தால் ஒரே உருவத்தை வெயிலிலும் விளக்கொளியிலும் பார்க்கலாம்.

இரவு: சுசுகினோ. இங்கே பனியல்ல, பனிக்கட்டிச் சிற்பங்கள். சிலவற்றுக்குள் மீன்களையும் நண்டுகளையும் அப்படியே உறைய வைத்திருப்பார்கள். ஓடோரியிலிருந்து தரைக்கு மேலே வரவே வேண்டாம்; நிலத்தடிக் கடைவீதி வழியாகவே நடந்து சேரலாம். சப்போரோ நிலையத்திலிருந்து ஓடோரி வரைக்கும் 2011இல் திறந்த நிலத்தடி நடைபாதை இருக்கிறது. கழிவறை, கால் சூடு, கைபேசிக்குச் சார்ஜ் எல்லாவற்றுக்கும் அதுதான் புகலிடம்.

படி 5: பிரிந்துபோனால்

‘பெரிய சிலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்’ என்று சொல்வதில் பயனில்லை, எல்லாமே பெரிய சிலைதான். பூங்கா ‘சோமே’ எனப்படும் தெருக்கட்ட எண்களாகப் பிரிந்திருக்கிறது. ‘4-சோமே, தெற்குப் பக்கம்’ என்று சொல்லுங்கள். குளிரில் கைபேசியின் பேட்டரி திடீரென்று படுத்துவிடும் என்பதால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

படி 6: சாப்பாடு

இந்த ஊரில் பிறந்த சூப் கறியைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். காரத்தின் அளவை நாமே சொல்லலாம். சாதம் தனித் தட்டில் வரும். கரண்டியில் எடுத்துக் குழம்பில் தோய்த்து உண்பது அவர்கள் முறை. தட்டோடு கவிழ்த்துப் பிசைந்த நண்பரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பின் சேர்க்கை

சைவ உணவு பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். மிசோ ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்பில் இருப்பது பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறு. காய்கறிச் சூப் கறியிலும் கோழிச் சாறு இருக்கக்கூடும், கேட்டுவிட்டு உட்காருங்கள். திடலில் விற்கும் வெண்ணெய் உருளைக்கிழங்கு வயிற்றைக் காப்பாற்றும். ஆனால் அதன் மேல் உப்பில் ஊறிய கணவாய் மீனை வைத்துத் தரும் வழக்கமும் உண்டு, ‘வெண்ணெய் மட்டும்’ என்று சொல்லி வாங்குங்கள்.

தள்ளுவண்டியில் குழந்தையைக் கூட்டிப்போகலாமா என்றார் ஒருவர். சக்கரம் பனியில் சிக்கும். உள்ளூர்ப் பெற்றோர் கயிறு கட்டிய பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் உட்கார வைத்து இழுத்துப் போகிறார்கள், அதுவே நல்லது.

முள் பட்டை மாட்டியும் ரயில் நிலையத்துக்குள் வழுக்கி விழுந்ததாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். முள் பனிக்கட்டிக்கு மட்டும்தான். ஈரமான ஓட்டுத் தரையில் அதுவே வழுக்கும். கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம் கழற்றிவிடுங்கள். கழற்றியதைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பை கையோடு இருக்கட்டும்.