சாலைப் பள்ளத்துக்குப் புகார் கொடுப்பது எப்படி, வந்த பதிலைப் படிப்பது எப்படி?

கோயம்பேட்டில் நள்ளிரவில் காய்கறி ஏற்றினால் விடிவதற்குள் புறநகர்க் கடைகளில் இறக்கியாக வேண்டும். பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு, ஓட்டுவது குட்டியானை. போன ஐப்பசியில் ஒரு சிறுபாலத்தை ஒட்டித் தண்ணீர் நிறைந்து கிடந்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி, ஸ்பிரிங் பட்டை உடைந்து, தக்காளிப் பெட்டி நாலு ரோட்டில் கவிழ்ந்தது. எனக்குப் பின்னால் பால் பாக்கெட் போடும் பையன் ஒருவன் பைக்கில் வந்தான். பிரேக் அடித்ததும் வழுக்கி விழுந்தான். முட்டியில் ரத்தம் வழிய எழுந்தவன் முதலில் கேட்டது, "அண்ணே, பால் எல்லாம் போச்சா?"

அன்று காலை டீக்கடையில் எட்டு டிரைவர்கள் இருந்தோம். எட்டுப் பேருக்கும் அந்தப் பள்ளம் தெரியும், எட்டுப் பேரும் திட்டினோம். "யாராவது புகார் கொடுத்தீங்களா, நம்பர் இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. அதற்கு அப்புறம்தான் நான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை புகார் கொடுக்கப் போகிறவர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறைப்படி எழுதுகிறேன்.

படி 1: அது யாருடைய சாலை என்று கண்டுபிடியுங்கள்

பாதிப் புகார்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். நமக்கு எல்லாமே ரோடு. அரசாங்கத்துக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துறை, ஒரு பொறியாளர், ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கருப்பு அல்லது நீலம் என்றால் பெரும்பாலும் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. கிராமத்துக்குள் போகும் சாலை என்றால் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம், அதாவது பிடிஓ அலுவலகம். ஊருக்குள் இருக்கும் தெருக்கள் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்கு. சென்னை மாநகராட்சியிலேயே பேருந்து போகும் தடங்களை ஒரு பிரிவும், உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகங்களும் பார்க்கின்றன.

குழப்பம் எங்கே வரும் என்றால், நகராட்சி எல்லைக்குள் போகும் மெயின் ரோடு பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதேபோல எல்லா தேசிய நெடுஞ்சாலையும் டோல் வாங்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இல்லை, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பராமரிக்கிறது. என் பள்ளத்துக்கு நான் முதலில் போன அலுவலகத்தில் பொறியாளர் வரைபடத்தை விரித்து, "பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்களுது, இந்தப் பக்கம் ஒன்றியத்துக்குங்க" என்றார். பள்ளம் பாலத்திலிருந்து நாலடி இந்தப் பக்கம் இருந்தது. அந்த நாலடிக்காக ஒரு வாரம் அலைந்தேன். அதனால் தெரியவில்லை என்றால் சாலை ஆய்வாளரையோ வார்டு உறுப்பினரையோ கேட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: ஆதாரம் எடுங்கள்

மூன்று போட்டோ போதும். ஒன்று தூரத்திலிருந்து, பக்கத்துக் கடை போர்டோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி. இரண்டாவது, பள்ளத்துக்கு நேர் மேலே. மூன்றாவது, ஆழம்.

ஆழத்தை யாரும் எடுப்பதில்லை, ஆனால் அதைப் பார்த்துத்தான் அவசரம் புரியும். நான் ஜாக்கி கம்பியைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கினேன். வெளியே எடுத்ததும் சேறு ஒட்டிய கோடு தெரிந்தது, பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுத்தேன். ஏழு அங்குலம். தண்ணீர் நின்றால் ஏழு அங்குலமும் ஒரு அங்குலமும் மேலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும், இருட்டில் சொல்லவே வேண்டாம். நடுரோட்டில் நின்று எடுக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, பின்னால் வருகிற வண்டியைக் கவனிக்க ஒருவரை நிறுத்திக்கொண்டு எடுங்கள். போனில் லொகேஷன் ஆன் ஆகி இருக்கட்டும்.

படி 3: சரியான வாசலில் கொடுங்கள்

நெடுஞ்சாலைத் துறை சாலை என்றால் 'நம்ம சாலை' செயலி. மொபைல் எண்ணைப் பதிந்து, பள்ளத்தைப் படம் எடுத்து ஏற்றினால் அந்தப் பகுதிப் பொறியாளருக்குப் போகும். மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை 24 மணி நேரத்திலும், மாவட்டச் சாலைப் பள்ளத்தை 72 மணி நேரத்திலும் சரிசெய்வதாகச் சொல்லித்தான் 2023-ல் இதைத் தொடங்கினார்கள். அந்தக் கெடுவை நீங்களும் நினைவில் வைத்து, கெடு தாண்டினால் அதையே மேற்கோள் காட்டிக் கேளுங்கள்.

டோல் வாங்கும் தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, அல்லது 'ராஜமார்க் யாத்ரா' செயலி. சென்னை மாநகராட்சிக்கு 1913. மற்ற எதுவாக இருந்தாலும், எந்தத் துறை என்றே தெரியாவிட்டாலும், 1100-ல் 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்குச் சொல்லலாம், அவர்களே துறை பார்த்து அனுப்புவார்கள். போனில் பேச வராதவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் புகார் எண்ணோ மனு ரசீதோ வாங்காமல் நகராதீர்கள்.

படி 4: என்ன எழுதுவது

"ரோடு ரொம்ப மோசம், உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் படிப்பவருக்கு எங்கே போவது என்றே தெரியாது. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஏரிக்கரைச் சிறுபாலத்தின் கிழக்கு முனையில் இருந்து நாலடி தூரத்தில், இடதுபக்கத் தடத்தில், சுமார் 4 அடி நீளம், 3 அடி அகலம், 7 அங்குல ஆழத்தில் பள்ளம் உள்ளது. மழை பெய்தால் தண்ணீர் நின்று தெரிவதில்லை. தெருவிளக்கு இல்லை. இந்த மாதம் என் கண் முன் இரண்டு பைக்குகள் விழுந்துள்ளன. நிரந்தரமாகச் சரிசெய்யும்வரை தற்காலிகமாக நிரப்பித் தடுப்பும் ஒளிரும் ஸ்டிக்கரும் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் புரியும். அப்புறம், ஒரு புகாரில் ஒரு பள்ளம் மட்டும். பத்துப் பள்ளத்தை ஒன்றாக எழுதினால் ஒன்றை அடைத்துவிட்டு மொத்தத்தையும் முடித்துவிடுவார்கள்.

படி 5: வந்த பதிலைப் படியுங்கள்

இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். குறுஞ்செய்தி வந்ததும் வேலை நடக்கும் என்று நம்புகிறார்கள், இல்லை என்றால் கோபத்தில் போனைத் தூக்கிப் போடுகிறார்கள். அரசாங்கப் பதில்கள் நாலைந்து வகைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுகேள்வி இருக்கிறது.

"தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது." இது நகர்த்தல் மட்டும்தான். யாருக்கு அனுப்பினார்கள் என்ற பதவிப் பெயரைக் குறித்துக்கொண்டு ஒரு வாரத்தில் அந்த அலுவலகத்தைக் கேளுங்கள். நெடுஞ்சாலைத் துறையில் வரிசை இப்படி: சாலை ஆய்வாளர், உதவிப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர். கீழிருந்து தொடங்குங்கள். பள்ளத்தை அடைக்கிற சாலைப் பணியாளர்கள் கீழேதான் இருக்கிறார்கள்.

"இச்சாலை எங்கள் துறைக்கு உட்பட்டது அல்ல." இது வந்தால் சோர்ந்து போகாதீர்கள், இது எழுத்தில் வந்தால் நல்லது. யாருக்கு உட்பட்டது என்று கேட்டு, அந்தப் பதிலையே இணைத்து அடுத்த துறைக்குப் புகார் போடுங்கள். என் விஷயத்தில் ஒன்றியத்திலும் முதலில் எங்களுது இல்லை என்றார்கள். முதல் அலுவலகத்தின் பதிலைக் காட்டியதும் பேச்சு மாறியது.

"நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பணி மேற்கொள்ளப்படும்." புதிதாகத் தார் போடுவதற்கு மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் எல்லாம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பள்ளம் அடைப்பது பராமரிப்பு வேலை. பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிய ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மாதிரியான முறையில் உள்ள சாலையாக இருந்தால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனியாக நிதி கேட்க வேண்டியதே இல்லை, அது ஒப்பந்தக்காரர் வேலை. எனவே இரண்டு கேள்வி: மதிப்பீடு அனுப்பிய தேதி என்ன, அதுவரை தற்காலிகமாக நிரப்பப் போவது எப்போது?

"மழைக்காலம் முடிந்ததும்." இதில் பாதி நியாயம். ஈரத்தில் சூடான தார்க் கலவை ஒட்டாது, கொட்டினால் பத்து நாளில் பெயர்ந்துவிடும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார் போடச் சொல்லிச் சண்டை போடுவதில் பயன் இல்லை. ஆனால் ஜல்லிக் கலவையை நிரப்பி இறுக்கலாம், குளிர் தார்க் கலவை போடலாம், தடுப்பு வைக்கலாம். புகாரின் கடைசி வரி இதற்காகத்தான்.

"குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டப்பட்டது." தோண்டிய துறை சாலைக்குச் சொந்தமான துறையிடம் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். கட்டியாகிவிட்டதா, சீரமைக்க வேண்டியது யார் என்று இரண்டு துறையையும் ஒரே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

"பணி முடிக்கப்பட்டது." நேரில் போய்ப் பார்க்காமல் இதை நம்ப வேண்டாம். எனக்கு இந்தச் செய்தி வந்த அன்று இரவு அதே பள்ளத்தில் மறுபடி ஜாக்கி கம்பியை விட்டேன். அதே ஏழு அங்குலம். முதல் படம் எடுத்த அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் தேதியோடு இன்னொரு படம் எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகார் போட்டேன். மூன்றாம் நாள் சாலை ஆய்வாளரே போன் செய்தார். "வேற பள்ளத்தை அடைச்சுட்டு இதை முடிச்சுட்டாங்க, நான் வர்றேன்" என்றார். மனுஷன் வந்தார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒருத்தராகப் பார்க்கிறாராம், பைக்கில் பெட்ரோல் சொந்தக் காசு. அவரைப் போன்றவர்களிடம் கத்துவதில் பலன் இல்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அவர் மேலே எழுதுவதற்கு நம் புகார் எண்தான் ஆயுதம்.

அடைத்ததாகவே இருந்தாலும் எப்படி அடைத்தார்கள் என்று பாருங்கள். ஒழுங்காகச் செய்தால் பள்ளத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் மண்ணையும் தண்ணீரையும் எடுத்து, பக்கவாட்டில் தார்க் குழம்பு பூசி, கலவையைப் படிப்படியாக நிரப்பி உருட்டுவார்கள். வெறும் ஜல்லித்தூளைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது ரோடு முழுக்கப் பரவி, பைக்காரர்களுக்குப் பள்ளத்தைவிடப் பெரிய ஆபத்தாகும். அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

படி 6: ஒரு மாதமாக அசையவில்லை என்றால்

தகவல் உரிமைச் சட்டம், 2005. சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் எழுத மாட்டார்கள். ஆவணம் கேளுங்கள்: கடைசியாகத் தார் போட்ட தேதி, ஒப்பந்தக்காரர் பெயர், செலவான தொகை, குறைபாடுகளுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டிய காலம் முடியும் தேதி, செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல். அந்தப் பொறுப்புக் காலத்துக்குள் சாலை பெயர்ந்திருந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இது ஐந்து வருடம். சாலை வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை உண்டு.

கிராமச் சாலை என்றால் கிராம சபையை விடாதீர்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. உங்கள் சாலையைத் தீர்மானமாக எழுத வைத்து அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

டோல் சாலை மோசமாக இருந்தால் நீதிமன்றம்வரை போய் பலன் கிடைத்ததும் உண்டு. மதுரவாயல் – வாலாஜா சாலை கிடந்த கிடப்பைப் பார்த்து, சரிசெய்யும்வரை அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கச் சொல்லி 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் திருச்சூர் பக்கம் பாலியேக்கரா சுங்கச்சாவடியில் கேரள உயர் நீதிமன்றம் வசூலையே நிறுத்தி வைத்தது.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. பள்ளத்தைப் படம் எடுப்பது அதற்கு அப்புறம். ஆனால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் விபத்து நடந்த பள்ளம் மறுநாளே மூடப்பட்டுவிடும். போலீஸ் புகாரில் "வாகனம் நிலைதடுமாறி" என்று மட்டும் எழுத விடாதீர்கள். பள்ளத்தின் இடமும் அளவும் வர வேண்டும். முன்பே யாராவது கொடுத்த புகார் எண் இருந்தால் அதுவும் வர வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை உரிய தரத்தில் அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். அதைக் கேட்பதற்கு, பள்ளம் அங்கே இருந்தது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்டும் காகிதம் பெரிய பலம்.

என் சிறுபாலத்துப் பள்ளம் தை மாதத்தில் சதுரமாக வெட்டித் தார் போட்டு அடைக்கப்பட்டது. அடைத்த தேதியை வண்டிச் சாவிக் கொத்தோடு வைத்திருக்கும் சின்ன நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடம் மறுபடி பெயர்ந்தால் புகாரின் முதல் வரியாக அந்தத் தேதியைத்தான் போட வேண்டும்.